டேட்டா இன்ஜினியரிங் வேலைக்கு அப்ரண்டிஸ்ஷிப் வழியையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற வேலைவாய்ப்பு பக்கத்தை விடாம படிக்கிற ஆளு நான். டேட்டா சயின்ஸ், ஏஐன்னு நிறைய போடுறீங்க, எந்த கோர்ஸ் படிக்கலாம், எந்த சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்குன்னு விலாவாரியா எழுதுறீங்க, நல்ல விஷயம்தான். ஆனா டேட்டா இன்ஜினியரிங்னு வரும்போது மட்டும் நாலஞ்சு டூல் பேரைப் போட்டு, இதையெல்லாம் கத்துக்கிட்டா வேலை நிச்சயம்னு முடிச்சிடுறீங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. நான் ரொம்ப வருஷமா இந்த வேலையிலதான் இருக்கேன், புதுசா சேர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்குறதும் என் வேலையில ஒரு பங்கு. அந்த அனுபவத்துல சொல்றேன், இது வேலை தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பழகிக் கத்துக்க வேண்டிய தொழில், அப்ரண்டிஸா சேர்ந்து உள்ள வர்றதுதான் இதுக்கு இருக்குறதுலயே சரியான வழி. அந்த வழியைப் பத்தி உங்க பக்கத்துல நான் இதுவரைக்கும் எதுவும் பாக்கல.

தெரியாதவங்களுக்காக வேலை என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன். ஒருத்தர் ஆன்லைன்ல ஒரு பொருள் ஆர்டர் பண்றாரு, அது ஒரு டேட்டாபேஸ்ல ஒரு வரியா போய் உக்காரும். அவர் பணம் கட்டின விவரம் வேற சிஸ்டத்துல இருக்கும், டெலிவரி ஆனது இன்னொரு சிஸ்டத்துல இருக்கும், பிடிக்கலன்னு திருப்பி அனுப்பினா அது நாலாவதா ஒரு இடத்துல இருக்கும். இந்த நாலையும் ராத்திரியோட ராத்திரியா எடுத்து, ஒண்ணா சேத்து, தப்பு இருந்தா பிடிச்சு, காலையில நேத்து எவ்வளவு வித்தோம் எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு கேக்குறவங்க கையில சரியான டேபிளா குடுக்கணும். ஒரு நாள் பண்ணிட்டா முடிஞ்சு போற வேலையா இருந்தா யாரு வேணா பண்ணிடலாம், இதை தினமும் தானா ஓடுற மாதிரி பண்ணணும், ஓடாம நின்னா யாருக்காவது உடனே தெரியணும், திரும்ப ஓட்டினா கணக்கு கெட்டுப் போகக் கூடாது. இதைத்தான் பைப்லைன்னு சொல்றோம். மேல இருக்குறவங்க பாக்குற கலர் கலரான சார்ட்டும் சரி, ஏஐ மாடலும் சரி, எல்லாமே இதுக்கு மேலதான் நிக்குது, இது தப்பா இருந்தா அது எல்லாமே தப்பு.

இப்ப டூல் விஷயத்துக்கு வரேன். வேலை விளம்பரத்தைப் பாத்தா ஸ்பார்க் (பெரிய டேட்டாவைப் பல கம்ப்யூட்டர்ல பிரிச்சு ஓட்டுறது) தெரியணும், காஃப்கா (டேட்டாவை உடனுக்குடன் கடத்துறது) தெரியணும், ஏர்ஃப்ளோ (வேலைகளை நேரத்துக்கு வரிசையா ஓட்டுறது) தெரியணும், ரெண்டு மூணு கிளவுட் (இணையம் வழியா வாடகைக்கு எடுக்குற கம்ப்யூட்டர்) தெரியணும்னு இருக்கும், ஃப்ரெஷர்னு தலைப்பு போட்டு கீழ ரெண்டு வருஷ அனுபவம் கேக்குறதும் உண்டு. படிக்கிற பிள்ளைங்க இதைப் பாத்து மிரண்டு போய் ஒரு டூலுக்கு ஒரு கோர்ஸ்னு பணத்தைக் கட்டிட்டே போறாங்க. ஆனா இந்த டூல் எல்லாம் எவ்வளவு சீக்கிரம் மாறுதுன்னு பாருங்க. பெரிய டேட்டாவைப் பல கம்ப்யூட்டர்ல பிரிச்சு வைக்கிற ஹடூப் 2006ல வந்துச்சு, கொஞ்ச வருஷம் அதுல ப்ரோகிராம் எழுதுற முறையான மேப்ரெட்யூஸ் எழுதத் தெரிஞ்சா போதும் ராஜா மாதிரி இருக்கலாம்னு பேச்சு. அதுக்குள்ள 2009ல பெர்க்லி யுனிவர்சிட்டில ஸ்பார்க் ஆரம்பிச்சு, 2014ல அது அப்பாச்சிங்கிற ஓப்பன் சோர்ஸ் (யாரு வேணா இலவசமா எடுத்துப் பயன்படுத்தலாம்னு கோடை வெளியிடுறது) அமைப்போட முதல்நிலை ப்ராஜெக்ட் ஆச்சு, மேப்ரெட்யூஸை கையால எழுதுறவங்க குறைஞ்சுட்டே போனாங்க. லிங்க்ட்இன்ல உருவான காஃப்கா 2011ல ஓப்பன் சோர்ஸா வெளிய வந்துச்சு, ஏர்பிஎன்பில 2014ல ஏர்ஃப்ளோ ஆரம்பிச்சுது, இதுக்கெல்லாம் இப்பவே மாத்து டூல் வந்து நிக்குது. மாறாம இருக்குறது எதுன்னு பாத்தா, ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970ல டேட்டாவை டேபிளா வச்சுக்கலாம்னு எழுதின யோசனையும், 1974ல ஐபிஎம்ல சேம்பர்லினும் பாய்ஸும் அதுக்காக எழுதின, டேபிள்ல இருந்து டேட்டாவைக் கேட்டு வாங்குற எஸ்கியூஎல்ங்கிற மொழியும்தான். 1986ல அது ஸ்டாண்டர்ட் ஆச்சு, இன்னிக்கும் நான் காலையில வந்ததும் முதல்ல எழுதுறது அதே எஸ்கியூஎல்தான். அதனால டூலை ஒவ்வொண்ணா துரத்துறதை விட, டேட்டாவை சந்தேகத்தோட பாக்குற கண்ணு வரணும். அந்தக் கண்ணு வீடியோ பாத்து வர்றதில்ல.

ஏன் வர்றதில்லன்னா கோர்ஸ்ல குடுக்குற டேட்டா சுத்தமா இருக்கும். டேபிளுக்கு டேபிள் பொருந்தும், தேதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பயிற்சி முடிவுல வர வேண்டிய விடையும் முன்னாடியே தெரியும். நிஜ ஆபீஸ்ல அப்படி ஒரு நாளும் இருக்காது.

ஒண்ணை கிட்ட இருந்து காட்டறேன். எங்க டீம்ல அப்ரண்டிஸா இருந்த ஒரு பொண்ணு, காமர்ஸ் படிச்சவங்க, ஆர்டர் டேபிளையும் கஸ்டமர் டேபிளையும் ஜாயின் பண்ணி, அதாவது ரெண்டுலயும் இருக்குற கஸ்டமர் ஐடியை வச்சு சேத்து, ஏரியா வாரியா விற்பனை மொத்தம் எடுத்துட்டு வந்தாங்க. கோட்ல ஒரு எரர் கிடையாது, ரிசல்ட் பாக்க நல்லாதான் இருந்துச்சு. பக்கத்துல இருந்த சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, ஜாயின் பண்றதுக்கு முன்னாடி எத்தனை வரி இருந்துச்சும்மா, அப்புறம் எத்தனை வரி இருக்கு? எண்ணிப் பாத்தா அப்புறம் கூடியிருக்கு. ஒரு ஆர்டருக்கு ஒரு கஸ்டமர்தானே, எப்படி கூடும்னு அவங்களுக்கு ஒண்ணும் புரியல. கஸ்டமர் ஐடியை வச்சு குரூப் பண்ணி, ஒண்ணுக்கு மேல வர்ற ஐடியை மட்டும் எடுத்துப் பாருங்கன்னாரு. எடுத்தா, வீடு மாத்தின கஸ்டமருக்கெல்லாம் ரெண்டு வரி இருக்கு, பழைய அட்ரஸ் ஒண்ணு, புது அட்ரஸ் ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும் செல்லும்னு பக்கத்துல ரெண்டு காலம் (column). அப்ப அந்த ஆளுங்க வாங்கினது எல்லாமே ரெண்டு தடவை கூட்டியாச்சு, மொத்தம் நெஜத்தை விட அதிகமா வந்துடுச்சு.

இதோட முடியல. சரி, கடைசி அட்ரஸை மட்டும் எடுத்துக்கலாம்னா வரி எண்ணிக்கை சரியாயிடும், பெரும்பாலானவங்க அங்கயே நிறுத்திடுவாங்க. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, இல்லைங்க சார், பில் போட்ட அன்னிக்கு அவர் எந்த ஊர்ல இருந்தாரோ அந்த ஊர் கணக்குலதான் அந்த விற்பனை வரணும், இப்ப வேற ஊருக்குப் போயிட்டாருங்கிறதுக்காக போன வருஷ விற்பனையை புது ஊருக்கு மாத்த முடியாதேன்னாங்க. அது கம்ப்யூட்டர் அறிவு இல்ல, கணக்கு படிச்ச அறிவு. ஆர்டர் தேதி அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல விழுற வரியை மட்டும் ஜாயின்ல எடுக்கிற மாதிரி மாத்தி எழுதினாங்க, எண்ணிக்கையும் சரியாச்சு, அர்த்தமும் சரியாச்சு. இதைப் புத்தகத்துல ஸ்லோலி சேஞ்சிங் டைமன்ஷன்னு ஒரு பாடமா போட்டிருப்பாங்க, நிறைய பேரு இன்டர்வியூவுக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாங்க, அதையே ஒரு டேபிளுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும்போது கண்டுபிடிக்கச் சொன்னா முடியாது. அந்தப் பொண்ணு அதுக்கு அப்புறம் எந்த ஜாயின் எழுதினாலும் முன்னாடி பின்னாடி எண்ணாம விடுறதே இல்ல, யாரும் ஞாபகப்படுத்த வேண்டி இருக்கல.

இன்னொண்ணு திரும்ப ஓட்டுற விஷயம், இதுலதான் புதுசா வர்றவங்க கோட் பெரும்பாலும் மாட்டிக்கும். ராத்திரி தானா ஓடுற ப்ரோகிராம், நாங்க ஜாப்னு சொல்றது, பாதி வழில நின்னுடும், நெட்வொர்க் போயிருக்கலாம், டிஸ்க் நிறைஞ்சிருக்கலாம், என்ன காரணமோ. பாதி வரி டேபிளுக்குள்ள போயாச்சு. காலையில வந்து திரும்ப ஓட்டினா முழு வரியும் மறுபடி போகும், அப்ப முதல் பாதி ரெண்டு தடவை இருக்கும். அதனால ஒரு ஜாப் எழுதும்போதே, இதை எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரணும்னு யோசிச்சு எழுதணும், அந்த நாளோட டேட்டாவை முதல்ல அழிச்சிட்டு புதுசா எழுது, ரெண்டையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள பண்ணு, நடுவுல நின்னா எதுவுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்கே போயிடணும். சொன்னா ஒரு நிமிஷத்துல புரியும். ஆனா ஒரு பைப்லைன் கண்ணு முன்னாடி நின்னு, பத்து பேரு ரிப்போர்ட் எங்கன்னு கேட்டுட்டு இருக்கும்போது, சீனியர் பதட்டப்படாம, ஜாப் என்னென்ன பண்ணுச்சுன்னு பதிவாகுற லாக் ஃபைலைத் திறந்து கடைசியா எழுதின நேரத்தைப் பாத்து, இது வரைக்கும் போயிருக்கு, இதுக்கு மேல போகல, அதனால திரும்ப ஓட்டலாம் பயமில்லன்னு சொல்றதைப் பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்கு அது எலும்புல ஏறிடும்.

மத்தது எல்லாம் இதே வகைதான். 03/04ன்னு இருந்தா அது மார்ச்சா ஏப்ரலா, எக்செல்ல ஒரு தடவை திறந்து சேவ் பண்ணதால ஐடியோட முன்னாடி இருந்த பூஜ்யம் காணாம போனது, ஒரு சர்வர் ஒரு டைம் ஸோன்ல இன்னொண்ணு வேற டைம் ஸோன்ல இருக்கிறதால ராத்திரி பன்னிரண்டு மணி ஆர்டர் ரெண்டு நாள்லயும் வர்றது இல்ல ரெண்டுலயும் வராம போறது, அந்தப் பக்கத்து டீம் யாருக்கும் சொல்லாம ஒரு காலத்தோட (column) பேரை மாத்தினது. வரிசையா சொல்லிட்டே போகலாம். இதுல எதுவுமே பெரிய கஷ்டமான கணக்கு கிடையாது, பட்டாத்தான் தெரியும் அவ்வளவுதான்.

அப்ப ஒரு நல்ல அப்ரண்டிஸ்ஷிப் எப்படி இருக்கணும்? என் மனசுல பட்டதைச் சொல்றேன். ஆரம்பத்துல கொஞ்ச நாள் படிக்க மட்டும் அனுமதி இருக்கணும், எழுத அழிக்க இல்ல, ஆனா நிஜ டேபிளைப் படிக்கிற அனுமதி. இருக்குற பைப்லைன்ல ஒண்ணை எடுத்து, டேட்டா எங்க இருந்து வருது, எங்கெங்க மாறுது, கடைசில யாரு பாக்குறாங்கன்னு முழுசா தடம் பிடிச்சு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லணும். இந்த ஒரு வேலையே ரொம்பப் பெருசு, பல கம்பெனில அப்படி ஒரு பக்கமே இருக்காது, அப்ரண்டிஸ் எழுதினதைத்தான் அப்புறம் எல்லாரும் பாப்பாங்க. அதுக்கப்புறம் ஒரு சின்ன டேபிள் அவங்க பொறுப்புன்னு குடுக்கணும், சின்னதா இருந்தாலும் நிஜமா யாரோ ஒருத்தர் தினமும் பாக்குற டேபிளா இருக்கணும், யாருமே பாக்காத டேபிளைக் குடுத்தா தப்பு வந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க, கேக்க ஆளு இல்லாத வேலையில கத்துக்க ஒண்ணும் இருக்காது.

கோட் ரிவ்யூவைப் பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும். அப்ரண்டிஸ் எழுதின ஒவ்வொரு மாத்தமும் கிட்ல (கோட் மாத்தத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கிற டூல்) போகணும், நேரா ப்ரொடக்ஷனுக்கு (நிஜமா ஓடிட்டு இருக்குற சிஸ்டத்துக்கு) போகக் கூடாது, ஒரு சீனியர் வரி வரியா படிச்சு கருத்து எழுதணும். கருத்துன்னா நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டு அப்ரூவ் பட்டனை அமுக்குறது கிடையாது. இங்க நல் (null, மதிப்பே இல்லாத காலி இடம்) வந்தா என்ன ஆகும்? இந்த ஃபில்டரை ஜாயினுக்கு முன்னாடி போட்டா என்ன மாறும்? இந்தப் பேரை ஆறு மாசம் கழிச்சு படிக்கிறவங்களுக்குப் புரியுமா? இப்படி கேள்வியா கேக்கணும், பதிலை அவங்களே தேடணும். நான் பாத்த வரைக்கும் ஒருத்தர் வேகமா வளர்றாங்களா இல்லையாங்கிறதுக்கு அவங்க படிச்ச காலேஜை விட, அவங்களுக்குக் கிடைச்ச ரிவ்யூதான் பெரிய காரணம். அதே மாதிரி சீனியர் எழுதின கோடையும் அப்ரண்டிஸ் ரிவ்யூ பண்ணணும், அவங்களுக்குப் புரியாத இடம் எல்லாம் பெரும்பாலும் உண்மையிலயே தெளிவில்லாத இடமாத்தான் இருக்கும், அது டீமுக்கும் நல்லது.

கடைசியா ஆன்-கால். பைப்லைன் நின்னா யாருக்கு போன் வரணும்னு ஒரு முறை வச்சிருப்பாங்க. அப்ரண்டிஸை தனியா அதுல தள்ளிவிடக் கூடாது, ஆனா அதை அவங்களுக்குக் காட்டாம மறைக்கவும் கூடாது, முதல்ல கூட உக்காந்து பாக்கட்டும், அப்புறம் அவங்க கை வைக்கட்டும் சீனியர் பக்கத்துல இருக்கட்டும், பிரச்சனை முடிஞ்சதும் என்ன நடந்துச்சு ஏன் நடந்துச்சுன்னு எழுதுறது அவங்களா இருக்கட்டும். யாரு மேல பழி போடுறதுன்னு தேடாம எழுதப் பழகுறது ஒரு பெரிய பாடம்.

ஆளுங்க டேட்டா கையில வர்ற வேலை இதுங்கிறதையும் முதல் நாள்லயே சொல்லிடணும். பேரு, போன் நம்பர், யாரு என்ன மருந்து வாங்கினாங்க, இதெல்லாம் கண்ணுல படும். ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்கிற டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2018ல நடைமுறைக்கு வந்துச்சு, இந்தியாவுல 2023ல தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. சட்டம் ஒரு பக்கம், தேவை இல்லாத காலத்தை (column) எடுக்காம விடுறது, பயிற்சிக்கு மறைச்ச டேட்டாவைக் குடுக்குறது, இதெல்லாம் பழக்கத்துல வரணும்.

அப்ரண்டிஸ்னாலே ஒர்க் ஷாப், லேத், ஃபிட்டர் வேலைக்குத்தான்னு இன்னும் நிறைய பேரு நினைச்சிட்டு இருக்காங்க, பெத்தவங்க கிட்ட சொன்னா முகம் சுருங்குது. ஆனா கம்ப்யூட்டர் வேலைக்கு இது எப்பவோ வந்தாச்சு. ஜெர்மனில வாரத்துல கொஞ்ச நாள் கம்பெனி கொஞ்ச நாள் தொழில் பள்ளிக்கூடம்னு ஒரு இரட்டை முறை இருக்கு, அதுல 1997லயே கம்ப்யூட்டர் வேலைக்குன்னு தனி தொழில் பிரிவு கொண்டு வந்தாங்க, மூணு வருஷம், 2020ல அதுல டேட்டா அனாலிசிஸுக்குன்னே ஒரு கிளை சேத்தாங்க. கடைசி பரீட்சையில கம்பெனிக்குள்ள நிஜமா பண்ண ஒரு ப்ராஜெக்டை பரீட்சை நடத்துறவங்க முன்னாடி விளக்கணும், எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். இங்கிலாந்துல டேட்டா இன்ஜினியர்ங்கிற பேர்லயே லெவல் 5 (பட்டப்படிப்புக்கு ஒரு படி கீழ) அப்ரண்டிஸ்ஷிப் இருக்கு, படிப்புக்கான நேரம் சம்பள நேரத்துக்குள்ளயே வரணும், வேலை முடிஞ்சு ராத்திரி வீட்டுல படிச்சுக்கோன்னு சொல்ல முடியாது. இந்தியாவுல அப்ரண்டிஸ் சட்டம் 1961ல வந்தது, 2014 திருத்தத்துக்கு அப்புறம் இன்ஜினியரிங் படிக்காத பட்டதாரிகளும் வரலாம்னு வழி திறந்தாச்சு. 2019 விதிப்படி 30 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற நிறுவனம் மொத்த ஆளுங்கள்ல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுக்கணும். அதே நேரத்துல அந்தச் சட்டம் அப்ரண்டிஸை தொழிலாளின்னு பாக்கல, பயிற்சியாளர்னுதான் பாக்குது, பயிற்சி முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னும் கட்டாயம் இல்ல, அதுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பாலிசி வச்சுக்கணும்னுதான் இருக்கு. சேரும்போதே அந்த பாலிசியைக் கேட்டு வாங்கிப் படிக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்ல ஆளு வேணும்.

இப்ப கசப்பான பக்கம். அப்ரண்டிஸ்ஷிப்னு பேரு வச்சுட்டு ஒண்ணும் கத்துக் குடுக்காத இடங்கள் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி ஒரு கம்பெனில டேட்டா டீம்ல அப்ரண்டிஸா இருந்தாரு, முழு காலமும் அவர் பண்ண வேலை தினமும் காலையில டேஷ்போர்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயில்ல போடுறது. அதைப் பத்து வரி பைத்தான்ல தானா ஓட வச்சிடலாம்னு அவரே எழுதிக் காட்டினாரு, அதெல்லாம் உனக்கு வேண்டாம்பா, சொன்னதை மட்டும் செய்னு சொல்லிட்டாங்க. முடிவுல ஒரு சர்டிஃபிகேட். அடுத்த இன்டர்வியூல எந்த பைப்லைனைப் பாத்துக்கிட்டேன்னு கேட்டா அவர் என்ன சொல்வாரு? இதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. அவர்கிட்ட திறமை இருந்துச்சு, ஆர்வம் இருந்துச்சு, ஒரு ஆளோட ஆரம்ப காலத்தை அப்படி வீணாக்குறதுக்கு யாருக்கும் உரிமை கிடையாது. இன்னொரு வகை, பணம் கட்டச் சொல்றவங்க. அப்ரண்டிஸ்னா ஸ்டைபண்ட் (பயிற்சி சமயத்துல தர்ற உதவித்தொகை) நமக்கு வரணும், நாம கட்டினா அது கோர்ஸ், கோர்ஸை கோர்ஸ்னே சொல்லி விக்கட்டும்.

அதனால சேர்றதுக்கு முன்னாடி கூச்சப்படாம கேளுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். என் கோடை யாரு ரிவ்யூ பண்ணுவாங்க, அவங்க பேரு என்ன, வாரத்துல எனக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவாங்க? எந்த டேபிள் என் பொறுப்புல வரும்? போன பேட்ச்ல வந்த அப்ரண்டிஸ் யாராவது இப்ப டீம்ல இருக்காங்களா, அவங்ககிட்ட நான் பேசலாமா? இந்தக் கடைசி கேள்விக்கு நேரா பதில் சொல்ற இடம் பெரும்பாலும் நல்ல இடம்தான். இதெல்லாம் கேட்டா வாய்ப்பு போயிடுமேன்னு பயப்படுறாங்க, உண்மையிலயே சொல்லிக் குடுக்கணும்னு நினைக்கிறவங்க இப்படி கேக்குற ஆளைத்தான் விரும்புவாங்க.

ஏஐ வந்துடுச்சே, எஸ்கியூஎல் அதுவே எழுதுதே, இனிமே எதுக்கு அப்ரண்டிஸ்னு கேக்குறவங்க இருக்காங்க. எழுதுது, நானும் தினமும் பயன்படுத்துறேன். மேல சொன்ன ஆர்டர் கஸ்டமர் ஜாயினை அதுகிட்ட கேட்டா ரெண்டு செகண்ட்ல எழுதிக் குடுக்கும். ஆனா கஸ்டமர் டேபிள்ல ஒரே ஆளுக்கு ரெண்டு வரி இருக்குன்னு அதுக்கு யாராவது சொல்லணும், பில் போட்ட அன்னிக்கு இருந்த ஊரைத்தான் எடுக்கணும்னு யாராவது முடிவு பண்ணணும், வந்த மொத்தம் நம்புற மாதிரி இருக்கான்னு யாராவது பாக்கணும். கோட் சீக்கிரம் வர வர, அதை சந்தேகத்தோட படிக்கிற ஆளுக்குத் தேவை கூடுதுங்கிறதுதான் என் கருத்து. இதை யோசிக்காம புதுசா ஆளு எடுக்குறதையே நிறுத்தினா, இன்னிக்கு சீனியரா இருக்குறவங்க எல்லாம் போன அப்புறம் அந்த நாற்காலில உக்கார யாரு வருவாங்க? சீனியர் யாரும் சீனியராவே பிறக்கல, ஒரு காலத்துல பக்கத்துல உக்கார வச்சு யாரோ ஒருத்தர் சொல்லிக் குடுத்ததாலதான் வந்தாங்க.

சீனியர்களுக்கும் இதுல ஒரு பொறுப்பு இருக்கு, அதை விட கம்பெனிக்கு இருக்கு. சொல்லிக் குடுக்க வாரத்துல அரை நாள் போகும், அந்த அரை நாளை வேலைன்னு கணக்குல எடுத்துக்கணும், தன் வேலை எல்லாத்தையும் முடிச்சிட்டு மிச்ச நேரத்துல சொல்லிக் குடுன்னா யாரும் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் முடியாது.

இன்னும் இடம் கிடைக்காம காத்திருக்கிறவங்க சும்மா இருக்க வேண்டியதில்ல. போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸ் இலவசம், பைத்தான் இலவசம், ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும். தினமும் மாறுற ஒரு பொது டேட்டாவை எடுத்துக்கோங்க, வானிலையோ ஏதோ ஒண்ணு, அதை தினமும் தானா எடுத்து டேபிள்ல போடுற மாதிரி எழுதுங்க, அப்புறம் வேணும்னே நடுவுல நிறுத்துங்க, திரும்ப ஓட்டுங்க, வரி ரெண்டாச்சான்னு எண்ணுங்க. ஒரு நாள் டேட்டா வரலன்னா எப்படி தெரிஞ்சுக்குவீங்கன்னு யோசிச்சு ஒரு செக் எழுதுங்க. எல்லாத்தையும் கிட்ல போட்டு, ஏன் இப்படி பண்ணேன்னு ஒரு பக்கம் எழுதி வைங்க. இப்படி ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கிற ஆளுகிட்ட எனக்கு அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும், பத்து சர்டிஃபிகேட் வச்சிருக்கிறவங்ககிட்ட சில சமயம் அஞ்சு நிமிஷத்துலயே பேச்சு முடிஞ்சிடுது. காமர்ஸ் படிச்சவங்க, டெஸ்டிங்ல இருந்தவங்க, குழந்தைக்காக சில வருஷம் வேலையை விட்டுட்டு திரும்ப வர்றவங்க, இவங்க எல்லாரும் தாராளமா வரலாம், ஒரு இன்வாய்ஸ்னா என்ன, ஒரு ரிட்டர்ன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு டேபிளைப் பாத்ததும் பாதி புரிஞ்சிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட கேக்குறது இதுதான். அடுத்த தடவை இந்த வேலையைப் பத்தி எழுதும்போது டூல் பட்டியல் போடுறதுக்கு முன்னாடி, இப்ப அப்ரண்டிஸா இருக்குற ரெண்டு பேரையும், அவங்களுக்கு சொல்லிக் குடுக்குற ஒருத்தரையும் உங்க நிருபர் நேர்ல பாத்துப் பேசட்டும். இந்த வாரம் எந்த டேபிள்ல வேலை பண்ணீங்க, என்ன உடைஞ்சுது, யாரு கூட இருந்தாங்கன்னு கேக்கட்டும், அதை அப்படியே போடுங்க. அப்ரண்டிஸ் வாய்ப்புன்னு நீங்க பட்டியல் வெளியிடும்போது ஸ்டைபண்ட் உண்டா, எவ்வளவு காலம், முடிஞ்ச அப்புறம் வேலைக்கு எடுக்குற பாலிசி என்ன, இந்த மூணையும் கேட்டு வாங்கி பக்கத்துலயே போடுங்க, பதில் சொல்லாத இடத்துக்கு நேரே பதில் தரலன்னே அச்சடிங்க. பணம் கட்டச் சொல்றதை எல்லாம் அந்தப் பட்டியல்ல சேக்காதீங்க, அது விளம்பரப் பக்கத்துல வரட்டும்.

இப்படிக்கு,
உங்க வாசகர், ஒரு டேட்டா இன்ஜினியர்